அட்டவணை பார்க்காத பயணம்

லண்டனில் தமிழர்கள் அடர்ந்து வாழும் பகுதிகளை வரிசையாகச் சொல்லிப் பார்க்கலாம். மேற்கே வெம்பிளி, ஹாரோ. கிழக்கே ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், வால்தம்ஸ்டோ. தெற்கே கிராய்டன். இவற்றில் எதுவும் நகரின் நடுவில் இல்லை. ஓர் ஓரத்தில் இருப்பவர் இன்னோர் ஓரத்தில் நடக்கும் கல்யாணத்துக்கோ பூப்பு நீராட்டு விழாவுக்கோ போக வேண்டுமென்றால், இருபது ஆண்டுகளுக்கு முன்பு அவருக்குத் தெரிந்த வழிகள் இரண்டுதான். காரில் ஏறி நார்த் சர்குலர் சாலையின் நெரிசலில் மாட்டிக்கொள்வது ஒன்று. சுரங்க ரயிலில் நடு லண்டன் வரை போய், அங்கே மாறி, மறுபடி வெளியே வருவது இன்னொன்று.

மூன்றாவதாக ஒரு வழியும் அப்போது இருந்தது. நகரின் வடபாதியைச் சுற்றி, மேற்கே ரிச்மண்டிலிருந்து கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை வில்லாக வளைந்து ஒரு ரயில் பாதை கிடந்தது. தண்டவாளம் இருந்தது, மின்சாரம் இருந்தது, ரயிலும் ஓடியது. ஆனாலும் லண்டன்வாசிகளில் பெரும்பாலோர் அதை ஒரு வழியாக மனத்தில் வைத்திருக்கவில்லை. இன்று அதே பாதையில் மணிக்கு எட்டு ரயில்கள் வரை ஓடுகின்றன. வேலைக்குப் போகும் நேரத்தில் உள்ளே நிற்க இடம் கிடைப்பதே பெரிய காரியம். பாதை மாறவில்லை, ஊர்களும் மாறவில்லை. எது மாறியது என்பதுதான் கேள்வி.

அன்று: சரக்குக்குப் போட்ட தடம்

இந்தப் பாதை பயணிகளுக்காகப் பிறந்ததே இல்லை. பர்மிங்காம் ரயிலில் வரும் சரக்கை லண்டனின் கிழக்குத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோகப் போட்டது. 1850இல் இஸ்லிங்டனிலிருந்து போ என்ற இடம் வரை முதல் துண்டு திறந்தது. 1853இல் நிறுவனம் 'நார்த் லண்டன் ரயில்வே' என்று பெயர் மாற்றிக்கொண்டது. சரக்குக்குப் போட்ட தடத்தில் மனிதர்கள் கூட்டம் கூட்டமாக ஏறினார்கள். 1865இல் நகரின் வணிக மையத்துக்குள்ளேயே, லிவர்பூல் ஸ்ட்ரீட்டை ஒட்டி, பிராட் ஸ்ட்ரீட் என்ற முனையம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் பரபரப்பான முனையங்களில் அதற்கு மூன்றாம் இடம். எழுத்தர்களும் கணக்கர்களும் காலையில் அங்கே வந்து இறங்கி அலுவலகங்களுக்குக் கலைந்துபோனார்கள். 1916இல் பிராட் ஸ்ட்ரீட்–ரிச்மண்ட் ரயில்கள் மின்சாரத்துக்கு மாறின.

பிறகு டிராம் வந்தது, பேருந்து வந்தது, சுரங்க ரயில் நீண்டது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சுக்குப் பிறகு, 1944இல் டால்ஸ்டனுக்குக் கிழக்கே பயணி ரயில்களே நின்றுபோயின. ஹாக்னியும் ஹோமர்டனும் தங்கள் நிலையங்களை இழந்தன. 1963இல் ரிச்சர்ட் பீச்சிங், பிரிட்டிஷ் ரயில்வேயில் எதை வெட்டலாம் என்று அறிக்கை தந்தபோது பிராட் ஸ்ட்ரீட்–ரிச்மண்ட் சேவையும் வெட்டுப் பட்டியலில் இருந்தது. பாதையோர மக்கள் எதிர்த்துப் போராடியதால் உயிர் தப்பியது. ஆனால் தூக்குத் தண்டனை ரத்தானதே தவிர விடுதலை கிடைக்கவில்லை. அடுத்த நாற்பது ஆண்டுகள் பெயருக்கு ஓடியது.

நடுவே நல்ல முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1979இல் கிரேட்டர் லண்டன் கவுன்சில் பணம் கொடுத்து, கேம்டன் ரோட்டிலிருந்து கிழக்கே தேம்ஸ் கரையிலுள்ள நார்த் வுல்விச் வரை டீசல் ரயில் விட்டது. 1980இல் ஹாக்னி சென்ட்ரல், 1983இல் டால்ஸ்டன் கிங்ஸ்லாந்து, 1985இல் ஹோமர்டன் என்று நிலையம் மூடிய இடங்களுக்கு மறுபடி ரயில் வந்தது. அதே 1985இல் அந்தப் பக்கமும் மின்மயமாகி, ரிச்மண்டிலிருந்து நார்த் வுல்விச் வரை மாறாமல் போக முடிந்தது. அடுத்த ஆண்டே பிராட் ஸ்ட்ரீட் மூடப்பட்டது. அந்த இடத்தில் பிராட்கேட் அலுவலகக் கட்டடங்கள் எழுந்தன. டால்ஸ்டனிலிருந்து பிராட் ஸ்ட்ரீட்டுக்குச் செங்கல் வளைவுகளின் மேல் போன கிங்ஸ்லாந்து மேம்பாலம் புல் முளைத்துக் கிடந்தது. அந்த மேம்பாலத்தை நினைவில் வையுங்கள், பிறகு வரும்.

மூன்று பெட்டிகளும் ஆளில்லா நிலையங்களும்

1990களில் பிரிட்டிஷ் ரயில்வே துண்டுதுண்டாகத் தனியாரிடம் போனது. 1997இல் இந்தப் பாதை சில்வர்லிங்க் என்ற நிறுவனத்தின் கைக்கு வந்தது. அதே நிறுவனம் ஈஸ்டனிலிருந்து நார்த்தாம்ப்டன், பர்மிங்காம் பக்கம் போகும் தொலைதூரப் பயணி ரயில்களையும் ஓட்டியது. மூத்தாள் பிள்ளைக்கு ஒரு சோறு, இளையாள் பிள்ளைக்கு ஒரு சோறு என்ற கதைதான். ஊருக்குள் சுற்றும் ரயிலுக்கு எப்போதும் மிச்சமே கிடைத்தது.

ஓடியவை 1970களில் கட்டிய மூன்று பெட்டி ரயில்கள். மணிக்கு மூன்று அல்லது நான்கு வரும். மேற்கே வில்லெஸ்டன் ஜங்ஷனிலிருந்து கிளாப்பம் ஜங்ஷன் போகும் கிளையிலும், காஸ்பல் ஓக்கிலிருந்து பார்கிங் போகும் கிளையிலும் பகலில் அரைமணிக்கு ஒன்று. ஒன்று ரத்தானால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். பல நிலையங்களில் மாலைக்கு மேல் ஊழியர் ஒருவர்கூட இல்லை. பயணச்சீட்டு ஜன்னல் மூடியிருக்கும், சுவரெல்லாம் கிறுக்கல், விளக்கு பாதி எரியும். இருட்டிய பிறகு பெண்கள் தனியாக அங்கே நிற்கத் தயங்கினார்கள். சீட்டைச் சோதிக்க ஆளில்லாததால் வாங்காமல் ஏறியவர்களும் ஏராளம். அவர்கள் எந்தக் கணக்கிலும் வராததால் பாதைக்கு வரவேற்பு இல்லை என்ற எண்ணம் இன்னும் உறுதிப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. பாதை முழுக்கக் காலியாகவும் இல்லை. காலையிலும் மாலையிலும் அந்த மூன்று பெட்டிகளில் ஆட்கள் பிதுங்கினார்கள். மற்ற நேரம் காற்று வாங்கியது. இன்னும் வண்டி விட்டால் இன்னும் ஆள் வருவார்கள் என்று பாதையே சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கும் இடத்தில் ஆளில்லை. சில்வர்லிங்கைத் திட்டிப் பயனில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இவ்வளவு மானியம், இவ்வளவு ரயில் என்று ஒப்பந்தம் போட்டிருக்கும்போது, கூடுதலாக ஒரு ரயில் விட்டால் செலவு நிறுவனத்துடையது. அதனால் ஹாக்னியில் ஒருவருக்கு வேலை கிடைத்தால், ஒரு கடைக்கு வியாபாரம் வந்தால், சாலையில் ஒரு கார் குறைந்தால், அந்த லாபம் நகரத்துடையது. செலவு ஒருவர் தலையிலும் பலன் இன்னொருவர் மடியிலும் இருந்தால் யார் முன்வருவார்கள்?

2006இல் லண்டன் பேரவையின் போக்குவரத்துக் குழு இந்தப் பாதையை ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. 'லண்டனின் மறக்கப்பட்ட ரயில்' என்பது அதன் தலைப்பு.

கை மாறிய நாள்

2007 நவம்பர் 11. லண்டனின் பேருந்துகளையும் சுரங்க ரயிலையும் நடத்தும் 'டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன்' அமைப்பு இந்தப் பாதைகளை ஏற்றுக்கொண்டது. மேயர் கென் லிவிங்ஸ்டன் காலம். அமைப்பின் ரயில் பிரிவுத் தலைவராக இருந்த இயன் பிரவுன் இதற்காகப் பல ஆண்டுகள் காய் நகர்த்தியவர். புதுப் பெயர்: லண்டன் ஓவர்கிரவுண்ட். புது நிறம்: ஆரஞ்சு.

ரயிலை ஓட்டும் வேலை அப்போதும் தனியாரிடமே இருந்தது. ஹாங்காங்கின் எம்டிஆர் நிறுவனமும் லெயிங் ரயிலும் சேர்ந்த கூட்டு நிறுவனம் ஒப்பந்தம் எடுத்தது. ஆனால் ஒப்பந்தத்தின் சாரமே வேறு. எத்தனை ரயில், என்ன கட்டணம், நிலையத்தில் எத்தனை பேர் என்பதையெல்லாம் நகரம் தீர்மானிக்கும். கட்டண வருமானத்தில் பெரும்பங்கும் நகரத்துக்கே. ஓட்டுபவருக்கு ஓட்டுவதற்குக் கூலி. நேரத்துக்கு ஓட்டினால் ஊக்கத்தொகை, தவறினால் பிடித்தம். கூடுதல் ரயிலின் செலவும் கூடுதல் பயணியின் பலனும் முதன்முறையாக ஒரே மேசைக்கு வந்தன. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் காகிதத்தில் இருக்கிறது.

புது ரயில் வர இரண்டு வருடம் ஆகும். அதுவரை சும்மா இருக்கவில்லை. முதல் ரயில் முதல் கடைசி ரயில் வரை எல்லா நிலையங்களிலும் ஊழியரை நிறுத்தினார்கள். நிலையங்களைத் தேய்த்துக் கழுவினார்கள். கேமராவும் உதவி கேட்கும் பொத்தானும் வந்தன, பிறகு பல இடங்களில் தானியங்கிக் கதவுகள் வந்தன. ஏற்றுக்கொண்ட நாளிலிருந்தே, சுரங்க ரயிலுக்கும் பேருந்துக்கும் தேய்க்கும் அதே ஆய்ஸ்டர் அட்டை இங்கேயும் செல்லுபடியானது. எல்லோர் சட்டைப்பையிலும் இருந்த சுரங்க ரயில் வரைபடத்தில் இந்தப் பாதை ஆரஞ்சு இரட்டைக் கோடாகப் பளிச்சென்று தெரிந்தது. அதே பழைய ரயில், அதே பழைய தண்டவாளம். ஆனால் ஒரு சிமென்ட் துண்டும் போடாமலேயே அது நகரத்தின் போக்குவரத்தில் ஓர் அங்கமாகிவிட்டது. ஊழியர் நின்றதும் பயம் குறைந்தது, ஓசிப் பயணமும் குறைந்தது.

இருக்கையைக் குறைத்து இடத்தைக் கூட்டியது

2009 ஜூலையில் புது ரயில்கள் ஓடத் தொடங்கின. டார்பி நகரின் பம்பார்டியர் ஆலையில் கட்டியவை. உள்ளே ஏறியவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். ஜன்னலோரம் வரிசை வரிசையாக இருந்த இருக்கைகள் போய், பெட்டியின் நீளவாக்கில் இரு பக்கச் சுவரோரமும் பெஞ்சு மாதிரி இருக்கை. நடுவே வெற்றிடம். பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே கதவே இல்லை. ஒரு முனையில் நின்றால் மறுமுனை வரை தெரியும்.

காரணம் எளிது. இந்தப் பாதையில் முழுத் தூரம் போகிறவர் குறைவு. நாலைந்து நிலையம் போய் இறங்கி வேறு ரயிலுக்கு மாறுகிறவரே அதிகம். அவருக்கு வேண்டியது சாய்மானம் இல்லை, ஏற இடம், சட்டென்று இறங்க வழி. அகலக் கதவும் திறந்த தரையும் இருந்தால் நிலையத்தில் வண்டி நிற்கும் நேரம் குறைகிறது. நிற்கும் நேரம் குறைந்தால்தான் பின்னால் வரும் வண்டியை நெருக்கி விட முடியும். புறநகர் ரயில் மெட்ரோவாக மாறுவது இந்த மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்களில்தான். மூன்று பெட்டிகளாக வந்த அந்த ரயில்கள் நான்காக நீண்டு, 2014 முதல் ஐந்தாயின.

நீள ரயிலுக்கு நீள நடைமேடை வேண்டும். 2010 பிப்ரவரி முதல் மே வரை காஸ்பல் ஓக்குக்கும் ஸ்ட்ராட்ஃபோர்ட்டுக்கும் இடையே பாதையையே மூடிவிட்டு வேலை பார்த்தார்கள். நடைமேடைகளை நீட்டி, சிக்னல்களை மாற்றி, டால்ஸ்டன் பக்கம் பழைய நாள்களில் இருந்த நான்கு தடங்களை மீட்டெடுத்தார்கள். அந்தத் திட்டத்துக்கு ஆன செலவு சுமார் 32.6 கோடி பவுண்டு. மக்கள் மூன்று மாதம் மாற்றுப் பேருந்தில் அவதிப்பட்டார்கள். 2011இல் புது அட்டவணை வந்தபோது கேம்டன் ரோட்டுக்கும் ஸ்ட்ராட்ஃபோர்ட்டுக்கும் இடையே நெரிசல் நேரத்தில் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு ரயில்.

இந்த எண்ணில்தான் கதையின் உயிர் இருக்கிறது. அரைமணிக்கு ஒரு ரயில் என்றால் அட்டவணையைப் பார்த்து, வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தைக் கணக்கிட்டு, ஓட வேண்டும். ஏழு நிமிடத்துக்கு ஒன்று என்றால் அட்டவணை எதற்கு? கிளம்பத் தோன்றினால் கிளம்பலாம். சராசரியாக நான்கு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். நேராக நடு நகருக்குப் போகும் பாதையைவிட வளைவுப் பாதைக்கு இது இன்னும் அவசியம். வளைவில் போகிறவர் ஏறக்குறைய கட்டாயமாக எங்காவது மாற வேண்டும்: ஹைபரியில் விக்டோரியா வழித்தடத்துக்கு, வெஸ்ட் ஹாம்ப்ஸ்டெட்டில் ஜூபிலிக்கு, வில்லெஸ்டனில் பேக்கர்லூவுக்கு. மாறும் ஒவ்வோர் இடத்திலும் பதினைந்து நிமிடம் போனால் இரண்டு மாற்றத்தில் அரைமணி போச்சு. அதற்கு நடு லண்டன் சுற்றே தேவலாம் என்று தோன்றும். காத்திருப்பு குறைந்ததும் வளைவுக்குப் பக்கத்தில் போன அத்தனை நேர்ப்பாதைகளும் அதனுடன் கைகோத்துக்கொண்டன.

கட்டணமும் துணை செய்தது. நடு வட்டமான முதல் மண்டலத்தைத் தொடாமல் போனால் காசு குறைவு. தொடவில்லை என்று அட்டைக்கு எப்படித் தெரியும்? மாறும் நிலையங்களில் இளஞ்சிவப்பு நிறத்தில் தனி இயந்திரங்கள் வைத்தார்கள். அதில் அட்டையைத் தொட்டுவிட்டால் சுற்றுவழியில் வந்ததற்கான குறைந்த கட்டணம். இன்றும் அவை இருக்கின்றன.

புல் முளைத்த மேம்பாலத்தில் ரயில்

கிங்ஸ்லாந்து மேம்பாலத்துக்கு வருவோம். தேம்ஸின் கீழே மார்க் புருனெலும் அவர் மகன் இசம்பார்ட் புருனெலும் கட்டி 1843இல் திறந்த சுரங்கம் ஒன்று உண்டு. படகு போகும் ஆற்றின் அடியில் உலகிலேயே முதலில் கட்டிய சுரங்கம் அது. அதற்குள் சுரங்க ரயிலின் குட்டையான ஒரு கிளை, ஆற்றின் இரு கரைகளிலும் சில நிலையங்களைத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. 2007 டிசம்பரில் அதை மூடினார்கள். வடக்கே 1986 முதல் சும்மா கிடந்த கிங்ஸ்லாந்து மேம்பாலத்தோடும், தெற்கே கிராய்டன் போகும் பழைய புறநகர்ப் பாதையோடும் அதைக் கோத்தார்கள். ஷோர்டிச் ஹை ஸ்ட்ரீட், ஹாக்ஸ்டன், ஹாகர்ஸ்டன் என்று புது நிலையங்கள் வந்தன. பிராட் ஸ்ட்ரீட்டோடு மூடிய டால்ஸ்டன் ஜங்ஷன் மறுபடி பிறந்தது. 2010 ஏப்ரலில் ஒரு பகுதியும் மே மாதத்தில் வெஸ்ட் கிராய்டன் வரையும் திறந்தது. இதற்குச் சுமார் 100 கோடி பவுண்டு ஆனது. 2011இல் ஹைபரி வந்து வடக்கு வில்லைத் தொட்டது. 2012 டிசம்பரில் சர்ரே கீஸிலிருந்து கிளாப்பம் ஜங்ஷன் வரை கடைசித் துண்டும் இணைந்து வளையம் மூடியது. டால்ஸ்டன் ஜங்ஷனுக்கும் சர்ரே கீஸுக்கும் இடையே இன்று மணிக்குப் பதினாறு ரயில்கள்.

அதே 2012இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒலிம்பிக் நடந்தது. நிலைய வாசலிலேயே உலகம் வந்து இறங்கியபோது மறக்கப்பட்ட ரயில் என்று யாரும் சொல்லவில்லை.

2009–10இல் ஓவர்கிரவுண்டில் சுமார் 3.4 கோடிப் பயணங்கள். 2011–12இல் 10 கோடியைத் தாண்டியது. 2013–14இல் ஏறக்குறைய 13.5 கோடி. இதை முழுக்கப் பழைய பாதையின் பெருக்கம் என்று எழுதினால் கணக்குப் பிசகும். சுரங்கத்தையும் மேம்பாலத்தையும் கோத்த கிழக்கு லண்டன் பாதை புதிதாகச் சேர்ந்ததும் அதில் அடக்கம். 2015இல் லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து என்ஃபீல்ட், செஷண்ட், சிங்ஃபோர்ட் போகும் பாதைகளும் ஆரஞ்சுக் குடும்பத்தில் சேர்ந்து எண்ணிக்கை இன்னும் ஏறியது. ஆனால் சேர்க்கையைக் கழித்துப் பார்த்தாலும் பெட்டிகள் மூன்றிலிருந்து ஐந்தான காரணம் ஒன்றுதான். நின்றுகொண்டு வந்தவர்களுக்கு இடம் போதவில்லை.

கடைசிக் குழந்தை

இந்தக் குடும்பத்தில் எல்லாக் கிளையும் ஒரே வேகத்தில் தேறவில்லை. காஸ்பல் ஓக்–பார்கிங் பாதை வெகுகாலம் டீசலிலேயே ஓடியது. 2010இல் அதற்கும் புது ரயில் வந்தது. ஆனால் இரண்டே பெட்டி. மணிக்கு இரண்டாக இருந்த சேவை நான்கானதும் கூட்டம் மொய்த்தது. லேட்டன்ஸ்டோனில் ஏற முடியாமல் அடுத்த ரயிலுக்கு நின்றவர்கள் உண்டு. 2016 ஜூனில் மின்மயமாக்கலுக்காக எட்டு மாதம் மூடினார்கள். மின்கம்பிகளைத் தாங்கும் சில அமைப்புகளின் வடிவமைப்பே தவறு, பொருளும் தாமதம். வேலை முடியாமலே திறந்து, 2017 இறுதியில் மறுபடி மூட வேண்டியதாயிற்று. கம்பி தயாரானபோது புது ரயில் தயாரில்லை. அதன் மென்பொருள் தகராறு செய்தது. பழைய டீசல் வண்டிகளோ வேறு ஊருக்குப் போக வேண்டிய தேதி வந்துவிட்டது. 2019 வசந்தத்தில் சில வாரம் சேவை பழையபடி அரைமணிக்கு ஒன்றாகச் சுருங்கியது. மே மாதம் நான்கு பெட்டி மின்ரயில் ஓடத் தொடங்கியது. பட்ட பாட்டுக்கு ஈடாக அந்த ஆண்டு செப்டம்பரில் ஒரு மாதம் அந்தப் பாதையில் இலவசப் பயணம் தந்தார்கள். 2022இல் அது தேம்ஸ் கரையோரம் புதிதாக எழும் குடியிருப்பான பார்கிங் ரிவர்சைட் வரை நீண்டது.

மேனர் பார்க் தமிழர்களுக்கு இந்தப் பாதை ரொம்பவே நெருக்கம். ரோம்ஃபோர்ட் ரோட்டிலுள்ள உட்கிரேஞ்ச் பார்க் நிலையம் இதில்தான் இருக்கிறது. அங்கே ஏறி அப்பர் ஹாலோவேயில் இறங்கி, பேருந்தில் மேடேறினால் ஆர்ச்வே சாலையில் ஹைகேட் முருகன் கோயில். நடு லண்டனைத் தொடவே வேண்டாம். வெம்பிளிக்கும் ஹாரோவுக்கும் ஈஸ்டன்–வாட்ஃபோர்ட் கிளை, கிராய்டனுக்குக் கிழக்கு லண்டன் கிளை. ஓரங்களில் குடியேறியவர்களுக்கு ஓரங்களை இணைக்கும் ரயில் எத்தனை முக்கியம் என்பது கரீபியத்திலிருந்து வந்த ஹாக்னிக்காரருக்கும் துருக்கியிலிருந்து வந்த டால்ஸ்டன்காரருக்கும் தெரியும். நடு நகர அலுவலகத்தை மட்டும் மனத்தில் வைத்துப் போட்ட ரயில் வரைபடத்தில் இவர்களுடைய வாழ்க்கை அடங்குவதில்லை. மருத்துவமனை செவிலியர், கடைச் சிப்பந்தி, துப்புரவுப் பணியாளர் ஆகியோரின் வேலை நேரம் ஒன்பது முதல் ஐந்து வரை இல்லை. நாள் முழுக்க ஒரே சீராக வரும் ரயிலால் அதிகம் பயன்பெறுகிறவர்கள் இவர்களே.

கொடுத்த விலை

நல்ல ரயில் வந்த இடத்தில் வாடகை சும்மா இருக்காது. டால்ஸ்டன் ஜங்ஷன் நிலையத்தை ஒட்டி இருந்த பழைய நாடக அரங்கை, எதிர்ப்பையும் மீறி, 2007இல் இடித்தார்கள். அங்கே இன்று அடுக்குமாடிகள். காப்பிக் கடைகளும் மதுக்கூடங்களும் பெருகின. ரிட்லி ரோடு சந்தையில் கருவாட்டுக்கும் மரவள்ளிக்கிழங்குக்கும் வந்த குடும்பங்களில் பல, வாடகை கட்ட முடியாமல் இன்னும் வெளி ஓரத்துக்கு நகர்ந்தன. எல்லாவற்றுக்கும் ரயிலே காரணம் என்று சொல்ல முடியாது. லண்டன் முழுவதுமே அந்த ஆண்டுகளில் விலை ஏறியது. ஆனால் நிலையத்தைத் திட்டமிட்டவர்கள் அதைச் சுற்றி ஏழைக்கும் வீடு இருக்குமா என்பதை அதே தீவிரத்தோடு திட்டமிடவில்லை என்பது உண்மை.

தடத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. பெலிக்ஸ்டோ துறைமுகத்திலிருந்தும் தேம்ஸ் கழிமுகத் துறைமுகங்களிலிருந்தும் நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் போகும் கண்டெய்னர் ரயில்கள் இன்னும் இதே பாதையில்தான் போகின்றன. சரக்குக்காகப் பிறந்த தடம் சரக்கை விடவில்லை. மெட்ரோ மாதிரி இரண்டு நிமிடத்துக்கு ஒன்று விட முடியாததற்கு அதுவும் ஒரு காரணம். இன்னும் ஒரு பழைய மிச்சம் உண்டு. ரிச்மண்ட் போகும் ரயில் ஆக்டன் சென்ட்ரலில் நின்று, தலைக்கு மேலிருக்கும் கம்பியை விட்டுவிட்டு, தரையோரத்து மூன்றாம் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு கிளம்பும். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு நிறுவனங்கள் தங்கள் வசதிக்குச் செய்ததையெல்லாம் ஒரே ரயில் சுமந்துகொண்டு போகிறது.

பெரிய வேலைகளுக்கு நடுவே சின்ன வேலைகளும் மறக்கக் கூடாதவை. ஹாக்னி சென்ட்ரலும் ஹாக்னி டவுன்ஸும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தும், மாறுகிறவர்கள் வெளியே வந்து தெருவைச் சுற்றி நடந்தார்கள். 2015இல் இரண்டுக்கும் இடையே ஒரு நடைபாதை போட்டார்கள். ஒரு புது ரயிலின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. பயணிக்கு மிச்சமாவது தினமும் பல நிமிடங்கள்.

பெயர் வந்தது, பங்கு வரவில்லை

ஆறு கிளைகளும் ஒரே ஆரஞ்சில் இருந்ததால் எது தடைப்பட்டது, எது ஓடுகிறது என்று புரியாமல் பயணிகள் குழம்பினார்கள். மேயர் சாதிக் கான் 2024 பிப்ரவரியில் ஆறு பெயர்களை அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பரிலிருந்து பலகைகள் மாறின. பழைய வடக்கு வில் இன்று 'மில்ட்மே' வழித்தடம், 1980களில் எய்ட்ஸ் நோயாளிகளை அரவணைத்த ஷோர்டிச்சின் சிறு மருத்துவமனையின் நினைவாக. கிராய்டன் போவது 'வின்ட்ரஷ்', 1948இல் கரீபியர்களை ஏற்றிவந்த கப்பலின் நினைவாக. பார்கிங் ரிவர்சைட் போவது 'சஃப்ரஜெட்', வாக்குரிமைக்குப் போராடிய பெண்களின் நினைவாக. பெயர் மாற்றத்துக்கு 63 லட்சம் பவுண்டு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. வெட்டுப் பட்டியலில் இருந்த பாதைக்குப் பெயர் சூட்டிச் சண்டை போடும் நிலை வந்ததையும் வளர்ச்சிக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு லண்டன் பாதிதான் மாறியிருக்கிறது. சுரங்க ரயில் அதிகம் எட்டாத தென் லண்டன் இன்றும் புறநகர் ரயில்களையே நம்பியிருக்கிறது. அங்கே பல நிலையங்களில் கால்மணிக்கோ அரைமணிக்கோ ஒரு ரயில்தான். வடக்கில் செய்ததை அங்கேயும் செய்கிறோம், எங்களிடம் தாருங்கள் என்று நகரம் கேட்டது. 2016 ஜனவரியில் மத்திய அரசும் மேயர் அலுவலகமும் சேர்ந்தே அதற்கு ஒரு திட்டம் அறிவித்தன. அதே ஆண்டு டிசம்பரில் புதுப் போக்குவரத்து அமைச்சர் கிறிஸ் கிரேலிங் முடியாது என்று சொல்லிவிட்டார்.

தென் லண்டனில் தண்டவாளம் இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, நிலையம் இருக்கிறது, ஏறுவதற்கு மக்களும் இருக்கிறார்கள். 2006இல் ஹாக்னியிலும் இத்தனையும் இருந்தன. கூடுதல் ரயிலுக்குச் செலவு செய்கிறவரும் அதனால் பலன் பெறுகிறவரும் ஒருவராக இருக்கும்படி வடக்கில் ஒரு கையெழுத்து விழுந்தது, தெற்கில் விழவில்லை. ஆள் வராத ரயில் என்று எங்காவது ஒன்றைக் காட்டினால், முதலில் அதற்கு யார் பொறுப்பு என்றும், ஒரு ரயில் போனபின் அடுத்தது எப்போது வரும் என்றும் கேட்க வேண்டும். கோடிகளைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.